கிறிஸ்துமஸ் மிச்சத்தில் ஒரு சட்டி சூப்

நாகர்கோவிலில் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தார்களாம். மறுநாள் பார்த்தால் முழுக்கோழி ரோஸ்டில் பாதி, தேங்காய் வறுத்தரைத்த ஆட்டுக்கறி ஒரு கிண்ணம், அவித்த கிழங்கு, நெய்ச்சோறு, நாலைந்து ஆப்பம், கொஞ்சம் அவியல், கொஞ்சம் மீன்கறி எல்லாம் மீதி. வெளிநாட்டு வீடியோக்களில் வான்கோழி எலும்பைப் போட்டு மறுநாள் சூப் வைக்கிறார்களே, அதுபோல இதையெல்லாம் சேர்த்து வயிறு நிறைகிற மாதிரி ஒரு சூப் வைக்க முடியுமா, அளவு என்ன, உடம்புக்கு எதுவும் செய்யாதா என்பது அவர் கேள்வி.

தாராளமாக வைக்கலாம் தம்பி. ஆனால் "இதையெல்லாம் சேர்த்து" என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் முப்பது வருஷமாகச் சமைக்கிறேன். அதில் பாதி வருஷம் கல்யாண வீட்டுச் சமையல். மிச்சத்தில் வைத்த சூப் நன்றாக வராததற்கு நான் கண்ட காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், நம் சுண்டக்கறியில் இருந்து. பொங்கலுக்கு மறுநாளும் விருந்துக்கு மறுநாளும் மீந்த சாம்பார், புளிக்கறி, தொடுகறி எல்லாம் ஒரே சட்டியில் விழும். சிறு தீயில் தண்ணீர் வற்ற வற்ற ருசி இறுகும். சூப் அதற்கு நேர் எதிர். அதே மிச்சத்தோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரைச் சேர்க்கிறோம். அப்போது மசாலா நீர்த்துப்போகும், அரைத்த தேங்காய் திப்பி திப்பியாக அடியில் தங்கும், ஐந்து கறியின் உப்பும் ஒன்றாகச் சேர்ந்து வாயில் வைக்க முடியாமல் செய்யும். ஆகவே அந்தத் தண்ணீருக்கு முதலில் தனியாக ருசி ஏற்ற வேண்டும். எலும்புச்சாறு புதிதாக வேகட்டும். ஏற்கெனவே வெந்த கறியும் கிழங்கும் கடைசிப் பத்து நிமிஷத்தில் உள்ளே போனால் போதும்.

சரி, முதலில் எது சட்டிக்குள் போகலாம், எது கூடாது என்று பார்ப்போம்.

சமைத்த இறைச்சியும் சோறும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். நமக்கு மார்கழியிலும் பகலில் அந்தச் சூடு வந்துவிடும். ஆகவே கோயிலுக்குப் போய் வந்து, பகல் சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கையில் சாயங்காலம் வரை மேசையில் மூடி வைத்திருந்த கறியை மறுநாள் சூப்பில் போடாதீர்கள். "நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா" என்று கேட்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதியில் அழியாது. சோற்றில் வருகிற கிருமி அந்த வகைதான். அதன் வித்து அரிசி வேகும் சூட்டிலும் பிழைத்துக் கிடந்து, சோறு ஆறிக் கிடக்கையில் முளைத்து நஞ்சைக் கக்கும். பிறகு சூடாக்கினாலும் வாந்தி வருவது அதனால்தான். நெய்ச்சோறு சீக்கிரமே ஃப்ரிட்ஜுக்குள் போயிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பழஞ்சிப் பானையில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் சோற்றின் கதை வேறு. அதைச் சொல்லி இதை நியாயப்படுத்த வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷம் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குப் பெரிய உருளியில் ஆட்டெலும்புச் சாறு வைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, மேலே ஒரு துணியும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் தட்டைத் தூக்கினால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, மூக்கில் லேசான புளிப்பு வாடை. உருளியின் நடுவில் அப்போதும் வெதுவெதுப்பு இருந்தது. பத்து லிட்டர் சாறு தானாக ஆறுவதற்கு ஒரு ராத்திரி போதாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மைனி (அண்ணி) வந்து எட்டிப்பார்த்து ஒன்றும் சொல்லாமல் உருளியின் ஒரு காதைப் பிடித்தாள், நான் மறு காதைப் பிடித்தேன், இரண்டு பேருமாகத் தென்னை மூட்டில் கொண்டுபோய் ஊற்றினோம். அதிலிருந்து எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சாற்றை இரண்டு மூன்று அகன்ற பாத்திரத்தில் பிரித்து, பெரிய பேசினில் பச்சைத்தண்ணீர் ஊற்றி அதில் இறக்கி வைத்து, கிளறி ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்த பிறகுதான் படுக்கிறேன்.

ஃப்ரிட்ஜில் வைத்த மிச்சம் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நாலு நாள். 25-ஆம் தேதிக் கறியை 28-க்குள் முடித்துவிடுங்கள். ஒக்கிப் புயல் அடித்த 2017-இல் எங்கள் பக்கம் கரண்ட் வர நாள்கணக்கானது. குழம்பைக் காலையிலும் மாலையிலும் கொதிக்க வைத்துத்தான் காப்பாற்றினோம். அந்தக் காலத்தில் பாட்டிமார் எல்லாம் அப்படித்தான். ஆனால் அவர்கள் செய்தது புளியும் எண்ணெயும் உப்பும் தூக்கலாக இருந்த குழம்புக்கு. நீர்த்த சூப்புக்கு அந்தக் காவல் கிடையாது.

உங்கள் மிச்சத்தில் அவியலைத் தனியாக எடுத்து அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய் பச்சையாக அரைத்துப் போட்டது, மறு கொதி தாங்காது. மோர் விட்ட அவியல் என்றால் திரிந்தே போகும். மீன்கறியும் சூப்பில் வேண்டாம். புளி பிடித்த மீன் மறுநாள் அதே சட்டியில் அருமையாக இருக்கும், அதைக் கிழங்கோடு வைத்துச் சாப்பிடுங்கள். கோழிச் சாற்றில் அது சேர்ந்தால் இரண்டுமே வீண்.

இனி எலும்பு. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நாலாவது வியாழக்கிழமை நன்றித் திருநாள். அன்றைக்கு முழு வான்கோழி சுடுவார்கள், மறுநாள் அதன் கூடு முழுசாகக் கிடைக்கும், அதைக் கேரட், வெங்காயம், செலரித் தண்டோடு வேக வைப்பார்கள். நாம் கறியைச் சின்னத் துண்டாக வெட்டிக் குழம்பு வைக்கிறவர்கள். எலும்பெல்லாம் இலையோடு போய்விடும். இலையில் கடித்துப் போட்டதை எடுக்கச் சொல்ல மாட்டேன். உங்களிடம் ரோஸ்ட் கோழி பாதி இருப்பது நல்ல காலம். சதையைக் கையால் உரித்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கூட்டை மட்டும் எடுங்கள். கடையில் வாங்கிய கிரில் கோழியின் கூடும் ஆகும், மேலே ஒட்டியிருக்கிற கரிந்த மசாலாவை வழித்துவிட்டால் போதும். அரைக் கூட்டில் சாறு பலம் வராது. கோழிக்கடையில் கழுத்து, முதுகு, கால் என்று கேட்டு அரைக் கிலோ வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கறியை விட விலை குறைவுதான். அடுத்த வருஷம் 24-ஆம் தேதி கறி வாங்கும்போதே இவற்றைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ எலும்பு என்று வையுங்கள். அது நாலைந்து பேருக்கான அளவு. பச்சை எலும்பை மட்டும் ஒரு கொதி விட்டு, மேலே வரும் சாம்பல் நிற நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு குக்கரில் எலும்பு எல்லாம் போட்டு இரண்டு லிட்டர் பச்சைத்தண்ணீர். கூடவே தோலோடு நாலாக வெட்டிய ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், இரண்டு அங்குல இஞ்சியை நசுக்கி, ஆறு பல் வெள்ளைப்பூடு, மல்லித்தழையின் தண்டு ஒரு கைப்பிடி, முழு நல்லமிளகு (குருமிளகு) ஒரு டீஸ்பூன், ஒரு கிராம்பு. ஒன்றே ஒன்று. நம் கன்னியாகுமரி மாவட்ட மலையில் விளைகிற கிராம்பு புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, எண்ணெய் அதிகம். இரண்டு போட்டால் சாறு பல்வலிக்கு மருந்து போல மணக்கும். வினாகிரி (வினிகர்) ஒரு ஸ்பூன் விட்டால் எலும்பில் ஒட்டிய ஜவ்வு சீக்கிரம் இளகும். உப்பு இப்போது வேண்டாம்.

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் நாற்பது நிமிஷம். ஆட்டெலும்பு என்றால் ஒன்றேகால் மணி நேரம், மாட்டெலும்பு என்றால் ஒன்றரை. விறகடுப்பு இருந்தால் மண்சட்டியில் மெல்ல வையுங்கள், கோழிக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். சட்டியில் வைக்கும்போது தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிப்போகும். ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வந்து வந்து உடைய வேண்டும்.

வடிகட்டினால் ஒன்றரை லிட்டர் போல வரும். நேரமிருந்தால் இதை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்பேன். காலையில் மேலே கொழுப்பு மஞ்சளாக உறைந்து மூடி மாதிரி நிற்கும். அதை ஸ்பூனால் நெம்பினால் தகடாகக் கழன்று வரும். அடியில் இருக்கிற சாற்றை ஆட்டிப் பாருங்கள், இளநொங்கு போல நடுங்கும். எலும்பிலும் தோலிலும் இருக்கிற கொலாஜன் மெல்ல வெந்து ஜெலட்டினாக மாறிய அடையாளம் அது. அந்தக் கொழகொழப்பு இருந்தால்தான் சூப் உதட்டில் ஒட்டும், வயிறும் நிறைந்த மாதிரி இருக்கும். தண்ணீராகவே இருந்தால் எலும்பு போதவில்லை என்று அர்த்தம்; வடிகட்டிய சாற்றைத் திறந்த சட்டியில் கால் பங்கு வற்ற விடுங்கள், தேறிவிடும்.

அடுத்தது கெட்டிப்பு. வெளியே கார்ன்ஃப்ளோரோ பாலாடையோ போடுவார்கள். நம் ஊரில் அதற்கு என்ன வேலை, அவித்த கிழங்கு இருக்கிறதே. வெளி மாவட்டத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன், எங்களுக்குக் கிழங்கு என்றாலே மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்குத் துணையாக இதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார். 1956-இல் நம் மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம் விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கிழங்கும் கூடவே வந்துவிட்டது. இரண்டு கைப்பிடி அவித்த கிழங்கை எடுத்து, நடுவில் இருக்கும் நாரை உருவிப் போட்டுவிட்டு, ஒரு கரண்டி சூடான சாறு விட்டு மத்தால் கடையுங்கள். மிக்சியில் அடித்தால் பசையாக இழுக்கும், மத்துதான் சரி. அந்தக் கூழைச் சாற்றில் கலந்தால் வழவழவென்று நல்ல கெட்டிப்பு வரும், கிழங்கின் இனிப்பு லேசாகத் தெரியும். இன்னும் ஒரு கைப்பிடிக் கிழங்கைத் துண்டாகவே கடைசியில் போடலாம்.

பச்சைக் கிழங்கை மட்டும் நேரே சூப்பில் போட்டு வேக வைக்காதீர்கள். மரச்சீனியில் சயனைடை வெளிவிடும் பொருள் இயல்பாகவே உண்டு, கசப்பு ரகத்தில் அதிகம். தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றுவது அதற்காகத்தான். சூப்பில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுவோம். தேங்காய் அரைத்துப் போட்ட கிழங்கு மசியல்தான் மீதி என்றால் அதையும் இதில் கரைக்க வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகிற சரக்கு.

உங்கள் ஆட்டுக்கறிக் கிண்ணத்துக்கு வருவோம். வறுத்தரைத்த மசாலா சோற்றுக்கு எவ்வளவு நல்லதோ, சூப்புக்கு அவ்வளவு இடைஞ்சல். ஆட்டெலும்புச் சாற்றில் சூப் வைப்பதானால் துண்டுகளை மட்டும் கரண்டியால் எடுத்து, ஒரு கிண்ணத்தில் சூடான சாறு கொஞ்சம் ஊற்றி அதில் ஒரு முறை அலசி எடுங்கள். எலும்பைக் கழற்றிச் சதையை விரலளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். அலசிய சாற்றையும் மீதி மசாலாவையும் சேர்த்து வற்றவைத்தால் அன்றைக்கு ஆப்பத்துக்கு ஆகும். மசாலாவில் ஒரே ஒரு கரண்டியை சூப்பில் விடலாம், நிறத்துக்கும் வாசத்துக்கும் அது போதும். கோழியையும் ஆட்டையும் ஒரே சூப்பில் கலக்கலாமா என்றால், நான் கலப்பதில்லை. கோழிச் சாற்றுக்குக் கோழிச் சதை. ஆட்டுக்கறியை ஆப்பத்துக்கு விட்டுவிட்டால் இரண்டு வேளை ஆயிற்று.

இப்போது கூட்டுகிற வேலை. இதற்கு அரை மணி நேரம். சட்டியில் அந்த உறைந்த கோழிக்கொழுப்பு ஒரு ஸ்பூன், தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன். பத்துப் பன்னிரண்டு சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) நீளவாக்கில் அரிந்து ஓரம் சிவக்கும் வரை வதக்கி, பாதியை எடுத்து வைத்துவிடுங்கள். மீதியோடு நறுக்கிய கேரட், மத்தங்காய் (மஞ்சள் பூசணி), ஒரு ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) போட்டு இரண்டு நிமிஷம் புரட்டுங்கள். ஏத்தங்காயை யாரும் சூப்பில் நினைப்பதில்லை. உருளைக்கிழங்கை விட நன்றாகப் பிடித்து நிற்கும், கரையாது. சாற்றை ஊற்றி, வறுத்து முக்கால் வேக்காடாக வேகவைத்த சிறுபயறு ஒரு கப் சேர்த்துக் காய் வேகும் வரை விடுங்கள். பயறு போட்டால்தான் இது சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கும் சூப்பாக இல்லாமல், சாப்பாடாகவே ஆகும். காய் வெந்ததும் கிழங்குக் கூழ். அது ஒரு கொதி வந்ததும் உரித்து வைத்த கோழிச் சதை. கறி முன்பே வெந்தது. நெடுநேரம் கிடந்தால் நார் நாராகச் சக்கையாகிவிடும். ஆனால் ஃப்ரிட்ஜில் இருந்து வந்தது என்பதால் உள்வரை நன்றாகச் சூடேற வேண்டும், சட்டி முழுக்கக் கொதித்து மூன்று நிமிஷம் நிற்கட்டும்.

உப்பு இந்த இடத்தில்தான். கோழியில் உப்பு, கிழங்கில் உப்பு, விட்ட ஒரு கரண்டி மசாலாவிலும் உப்பு. முதலில் ருசி பாருங்கள், பெரும்பாலும் அரை ஸ்பூனுக்கு மேல் கேட்காது. கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துவிடும் என்பார்கள். அது தண்ணீரோடு சேர்த்துத்தான் உப்பை இழுக்கும், மிஞ்சுகிற சாறு அதே உப்பில்தான் நிற்கும். உப்பில்லாத சாறோ வெந்நீரோ சேர்த்து நீர்க்க வைப்பதுதான் வழி. இதற்காகவே நான் ஒரு டம்ளர் சாற்றைத் தனியாக எடுத்து வைப்பேன்.

இறக்குவதற்கு இரண்டு நிமிஷம் முன்பு முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. மூடாதீர்கள், நிறம் கறுக்கும். அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப். கொதியில் ஊற்றினால் திரியும். தேங்காய்ப்பால் விட்ட சூப்பை அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பதால், பாதியை மறுநாளுக்கு எடுத்து வைப்பதானால் அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியில் மட்டும் விடுங்கள். நல்லமிளகை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். டப்பாப் பொடிக்கு அந்தக் காட்டம் வராது. காரம் வேண்டுகிறவர்களுக்கு ஒரு காந்தாரி மிளகாயை நசுக்கிக் கிண்ணத்தில் போட்டால் போதும், சட்டியில் போட்டால் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள்.

நெய்ச்சோற்றைச் சட்டியில் போடாதீர்கள், அரை மணி நேரத்தில் சாற்றையெல்லாம் உறிஞ்சிக் கஞ்சியாகிவிடும். தனியாக ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரு கரண்டியைக் கிண்ணத்தின் அடியில் வைத்து மேலே சூப்பை ஊற்றுங்கள். மீந்த ஆப்பத்தைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் போட்டு வைத்தால் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று ஆகும். அதை ஒடித்துச் சூப்பில் தொட்டுச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆப்பத்தை விடப் பிடிக்கும். எடுத்து வைத்த வறுத்த உள்ளியும் கறிவேப்பிலையும் மேலே.

கொழுப்பு நீக்கிய சாறு மிஞ்சினால் சின்ன டப்பாக்களில் முக்கால் அளவுக்கு ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது விரியும், நிறைத்தால் மூடி தெறிக்கும். இரண்டு மாதம் தாராளமாக நிற்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் தை மாசக் காலையில் குளிர் நன்றாகவே இருக்கும். அப்படி ஒரு காலையில் ஒரு டப்பாவை எடுத்துக் கொதிக்க வைத்து, தட்டிய நல்லமிளகு போட்டு அப்படியே குடியுங்கள்.